ஆர்லனின் தொப்பிக்கு ஓர் ஆணி

என் அக்கா லவோனின் கணவர் ஆர்லன் ஹாகனுக்கு எதையும் ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க வராது. கல்யாணத்தன்று பாதிரியார் சம்மதமா என்று கேட்டபோது, சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? எப்படியெல்லாம் யோசித்து அந்தச் சம்மதத்துக்கு வந்தார் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். ஆர்கன் வாசிக்கிற பெண்மணி பொறுமை இழந்து வாசிக்கத் தொடங்கியதால்தான் அந்தக் கல்யாணம் ஒரு வழியாக முடிந்தது. நான் பக்கத்தில் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று வந்த தலைவலி எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே எங்கள் ஊர். இங்கே ஆண்கள் வாயைத் திறப்பதே காபி குடிக்கத்தான். மழை பெய்தால் "பெஞ்சுது" என்பார்கள், களஞ்சியம் எரிந்தால் "எரிஞ்சுது" என்பார்கள், அதோடு சரி. அப்படிப்பட்ட ஊரில் இப்படி ஒருவர், அதுவும் எங்கள் குடும்பத்துக்கு வந்து வாய்த்தார். எதிர் வீட்டில்தான் நான் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்தினாலும் அவர் குரல் உள்ளே வந்துவிடும்.

தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு எல்லாமே துப்பாக்கிக் கழகம்தான். ஊருக்கு வெளியே பழைய ஜல்லிக் குழி ஒன்றில் இருக்கிறது அது. அங்கே அவர் வரிசை அதிகாரி. சிவப்புச் சட்டை போட்டு, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு, எப்போது தோட்டா போட வேண்டும், எப்போது சுட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போடுவார். உலகத்திலேயே அவர் பேச்சுக்கு யாரும் கொட்டாவி விடாத ஒரே இடம் அந்த ஜல்லிக் குழிதான். அந்த விசிலைப் பிடுங்கிவிட்டால் மனிதர் பாதியாகிவிடுவார். இது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கழகத்தின் கொட்டகையில், காபிப் பாத்திரத்துக்குப் பின்னால், ஒரு சுவர் இருக்கிறது. அதில் தொப்பிகள். சுடச் சொல்வதற்கு முன்னால் விசையில் விரல் வைத்து, தன்னையறியாமல் ஒரு குண்டை விட்டவன் யாராக இருந்தாலும் அவன் தொப்பியைக் கழற்றி அங்கே ஆணி அடித்துவிடுவார்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். எங்கள் ஊர் விவசாயிக்குத் தொப்பி என்பது தோல் மாதிரி. முகம் செங்கல் நிறத்தில் இருக்கும், தொப்பி மூடிய நெற்றி மட்டும் அவித்த முட்டை போல வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளை நெற்றியோடு கடைத்தெருவில் நடந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதோடு போகவில்லை. சுவரில் தொப்பி உள்ளவன் வரிசை அதிகாரியாக இருக்கக் கூடாது என்று ஒரு விதி. விதியை எழுதியவர், ஆணி அடிப்பவர், அடிக்கும் முன் நீளமாக ஒரு பிரசங்கம் செய்பவர், எல்லாமே ஆர்லன்தான். மாட்டிக்கொண்டவன் ஒவ்வொருவனும் "நான் விரல் வைக்கல" என்பான். ஆர்லன் ஒரே பதிலைச் சொல்வார்: "துப்பாக்கி தானா சுடாது." இன்று கழகத் தலைவராக இருக்கிற புர்னெலின் தொப்பிகூட அங்கே தொங்குகிறது. காபி எடுக்கப் போகும்போதெல்லாம் அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

இன்னொரு பெருமையும் ஆர்லனுக்கு உண்டு. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எங்கள் ஊரில் யாரும் எறிவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, அடியில் புதுப் பிரைமர் வைத்து, மருந்து நிரப்பி, மேலே குண்டைச் செருகி மறுபடியும் தோட்டா ஆக்கிவிடுவார்கள். பிரைமர் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சின்னக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால் பொறி பறக்கும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இப்படி வீட்டில் செய்கிற தோட்டாக்களில் 'ஆர்லன் தோட்டா' என்றால் பக்கத்து ஊர்களிலும் மதிப்பு. குளிர்காலத்தில் கழகத்தில் வகுப்பே எடுப்பார், கருவியைத் தொடாமல் வாயாலேயே. யாராவது நுணுக்கமாகக் கேட்டுவிட்டால், "அதெல்லாம் கைக்குத் தெரியும்" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

கைக்குத் தெரியுமாம்! அந்தக் கை யாருடையது என்று நான் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நிலவறையில் உட்கார்ந்து தோட்டா செய்கிறேன் என்று ஆரம்பித்தார். பிரைமரைத் தலைகீழாக வைத்து அழுத்தப் போனார். ஊறுகாய்க்கு வெள்ளரி நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "மேல போய்க் காபி போடு ஆர்லன்" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தோட்டாவும் லவோன் செய்ததுதான். ஊறுகாய்ப் புட்டியின் மூடி நன்றாக இறுகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாளே, அதே விரலால் பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறதா என்றும் ஒவ்வொன்றாகத் தடவுவாள். இது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். உனக்கு இதில் வருத்தமே இல்லையா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் பேசுகிற நேரத்தில் தனக்கு வேலை ஓடுகிறது என்பாள்.

தொற்றுநோய் வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்த காலத்தில் பிரைமருக்குப் பஞ்சம் வந்தது. கடைகளில் அலமாரி காலி. ஆண்கள் பண்டமாற்றில் இறங்கினார்கள். விறகுக்குப் பிரைமர், டிராக்டர் டயருக்குப் பிரைமர். புர்னெலிடம் தங்க நிறப் பெட்டியில் ஒரு சரக்கு இருந்தது. பந்தயத்தில் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் தேடித் தேடி வாங்குவது, இருப்பதிலேயே உசத்தி. அவருக்கு லவோனின் ஊறுகாய் மேல் ரொம்ப நாளாகக் கண். ஆர்லன் ஒரு அலமாரி ஊறுகாயை அப்படியே வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு வந்து இறங்கினார். எனக்கென்று எடுத்து வைத்திருந்த புட்டிகளும் அதில் போய்விட்டன. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆர்லனிடம் மான் வேட்டைக்கு ஒரு துப்பாக்கி, போட்டிக்குப் பழைய பட்டாளத்துத் துப்பாக்கி ஒன்று. அக்கா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "இது உன் பட்டாளத்துத் துப்பாக்கிக்கு ஆகாது" என்றாள்.

"இதவிட உசத்தி கிடையாது லவோன். பந்தயத்துக்குன்னே செய்யறது."

"உசத்திதான். யாரு இல்லன்னா? இதோட தோல் மெலிசு. லேசாத் தட்டினாலே பத்திக்கும். மான் துப்பாக்கில தோட்டாவ உள்ள அடைக்கற போல்ட்ட நீ கையால மெதுவாத் தள்ளி மூடற, அதுக்குச் சரி. பட்டாளத்துத் துப்பாக்கில அது ஸ்பிரிங் வேகத்துல தானா ஓடி வந்து மோதும். உள்ள ஊசிய இழுத்துப் பிடிக்க ஒண்ணும் கிடையாது. மோதற வேகத்துல ஊசி முன்னால போய்ப் பிரைமரக் கொட்டும். தடிச்ச தோல்னா தாங்கும். இது தாங்காது."

ஆர்லன் சிரித்தார். பிறகு பிரைமரைப் பற்றி அவளுக்கே வகுப்பு எடுத்தார். நல்ல பண்டம் எப்படிக் கெட்டதாகும் என்று கேட்டார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு துப்பாக்கிக்கும் தோட்டா ஒரே அளவுதான். அதனால் அந்தப் பிரைமரை வைத்து மான் துப்பாக்கிக்கென்று கொஞ்சம் தோட்டா செய்து, பெட்டியின் மேல் சிவப்பு நாடா ஒட்டி, இது மானுக்கு மட்டும் என்று அவர் வாயால் சொல்ல வைத்தாள். தடித்த தோல் பிரைமர் மிச்சமிருந்ததில் பட்டாளத்துத் துப்பாக்கிக்கும் கொஞ்சம் செய்து, தனிப் பெட்டியில் வைத்தாள்.

ஜூலை மாதப் போட்டி வந்தது. கழகத்தில் பெரிய நாள். பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவருவோம். நான் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்டது கொண்டுபோயிருந்தேன், லவோன் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஆர்லன் காலையெல்லாம் விசில் ஊதினார். பிறகு தன் முறை வந்ததும் விசிலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, பட்டாளத்துத் துப்பாக்கியோடு பாயில் படுத்தார். தோட்டா போடும்படி உத்தரவு வந்தது. ஒரு தோட்டாவை உள்ளே வைத்தார், போல்ட்டை விட்டார். துப்பாக்கி இன்னும் தோளில்கூட ஏறவில்லை, டமார் என்றது.

குண்டு எங்கே போயிற்று என்று எல்லாரும் பார்த்தோம். குழிக்கு நடுவில், 'பாதுகாப்பே முதல்' என்று ஆர்லன் தன் கையால் வண்ணம் அடித்து நட்டு வைத்த பலகை இருக்கிறது. அதன் நட்டநடுவில் பொத்தல். பொத்தல் வழியாகப் பின்னாலிருந்த மண்மேடு தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இந்த மாதிரி விஷயத்துக்குச் சிரிக்க மாட்டார்கள், யாராவது செத்திருக்கலாம். ஆர்லன் துப்பாக்கியை வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "நான் விரல் வைக்கல" என்றார்.

புர்னெல் நிதானமாக நடந்து வந்தார். இந்த வரியைச் சொல்வதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தாரோ, பாவம். "துப்பாக்கி தானா சுடாதுப்பா, ஆர்லன்" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகையில் முடிவு செய்வது என்றார்கள். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. என் பாத்திரம் அப்படியே இருந்தது, அது தனி வருத்தம். ஆர்லன் ஒவ்வொரு மேசையாகப் போய், பிரைமர்தான் வெடித்திருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் புர்னெல் தட்டை நகர்த்திவிட்டுப் பேசினார்.

"பிரைமர்தான்னா, சரி. மேல துருத்திக்கிட்டு இருந்தாலும் தானா வெடிக்கும், அதும் எங்களுக்குத் தெரியும். அப்ப செஞ்ச கை சரியில்லன்னு ஆகுது. அதோ மேச இருக்கு, கருவி இருக்கு. ஊருக்கே சொல்லிக் குடுத்தவன் நீ. எங்க கண்ணு முன்னால நாலு செஞ்சு காட்டு, பாத்துடலாம்."

ஆர்லன் அந்தக் கருவியைப் பார்த்தார். அதன் கைப்பிடி எந்தப் பக்கம் என்பதே அவருக்குச் சந்தேகம், எனக்குத் தெரியாதா? பிறகு திரும்பி லவோனைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். விரல்தான்" என்றார் ஆர்லன். தொப்பியைக் கழற்றிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இவள் கையால் செய்ததை வைத்துப் பேர் வாங்கிய ஆள், அதை ஒரு தடவை ஒப்புக்கொள்வதற்குப் பதில் பொய் சொல்லி விசிலையே இழக்கத் தயாராகிவிட்டாரே, இவ்வளவு வீம்பா ஒரு மனிதருக்கு என்று தோன்றியது. மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் அசையவில்லை. வெள்ளை நெற்றியோடு உட்கார்ந்திருந்தார்.

லவோன் கரண்டியை வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கருவி இருந்த மேசைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த ஆளை நகரச் சொன்னாள். ஊர் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற ஆர்லன் தோட்டா மொத்தமும் தான் செய்தது என்று, காபியில் பால் இருக்கிறதா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

மருந்தும் வேண்டாம், குண்டும் வேண்டாம், வெறும் கூட்டில் பிரைமர் மட்டும் போதும், யாருக்கும் அடிபடாது என்றாள். புர்னெலிடம் மிச்சமிருந்த தங்கப் பெட்டிச் சரக்கை வைத்துச் சிலவும், யாரோ கொண்டுவந்த தடித்த தோல் பிரைமரை வைத்துச் சிலவும் அழுத்தினாள். ஒவ்வொன்றையும் தடவினாள். பிறகு புர்னெலிடம் நீட்டி, துருத்திக்கொண்டிருக்கிறதா என்று அவரையே தடவிப் பார்க்கச் சொன்னாள். அவர் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார், மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை.

எல்லாரும் வரிசைக்குப் போனோம். துப்பாக்கியை மண்மேட்டைப் பார்த்து மணல் மூட்டை மேல் வைத்தார்கள்.

"நீயே போடு புர்னெல்" என்றாள் லவோன். "உன் விரல் எங்க இருக்குன்னு உனக்கே தெரியும்."

அவர் தங்கப் பெட்டிக் கூடு ஒன்றை உள்ளே வைத்து, போல்ட்டை விட்டுவிட்டுக் கையை மேலே தூக்கிக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் பிரைமரின் நடுவில் சின்னப் பள்ளம், ஊசி முத்தமிட்ட இடம். அடுத்ததும் அப்படியே. புர்னெலின் மீசைக்கடியில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதற்கடுத்ததை உள்ளே வைத்து, போல்ட்டை விட்டார், கையைத் தூக்கினார்.

பட்.

புர்னெல் துள்ளிய துள்ளலில் தொப்பி மண்ணில் விழுந்தது. அவருடைய வெள்ளை நெற்றியை அன்றுதான் நாங்கள் மறுபடி பார்த்தோம். தன் விரலைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தடித்த தோல் பிரைமர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். பள்ளம் விழுந்தது, ஒன்றுகூட வெடிக்கவில்லை. மத்தியானக் காபி ஆறும்வரை போட்டும் வெடிக்கவில்லை.

புர்னெலுக்கு மெதுவாக ஒரு யோசனை வந்தது. முகமே மாறிவிட்டது. "அப்பன்னா லவோன், அன்னிக்கு என் துப்பாக்கியும்..."

"நீ அன்னிக்குச் சுட்டது மான் துப்பாக்கி. அது விரல்தான்" என்றாள்.

சரி, ஆர்லன் மேல் தப்பில்லை, தொப்பியை மறுபடி தலையில் போட்டுக்கொள்ளட்டும் என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். ஆர்லனுக்கு உயிர் வந்தது. வாயையும் திறந்துவிட்டார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். அவர் தோட்டா எடுத்த பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். சிவப்பு நாடா எங்கே என்று கேட்டாள். வண்டியில் எங்கேயோ உரிந்து விழுந்திருக்கும் என்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தான்தான் உரித்ததாக ஒப்புக்கொண்டார். பெரிய போட்டியாயிற்றே, உசத்தியானதைப் போட்டால் என்ன என்று தோன்றியதாம்.

"அது இருக்கட்டும். விரல்னு ஏன் சொன்ன?"

இப்போது பெரிய விளக்கம் வரப்போகிறது என்று நான் சாய்ந்து நின்றுகொண்டேன். வரவில்லை.

"பிரைமர்னா, செஞ்ச கையக் குத்தம் சொல்லுவாங்க" என்றார் ஆர்லன். "அது உன் கை."

நான் அவர் காலை மிதித்ததற்காக வருத்தப்பட்டேன், கொஞ்சம்தான். அக்காவின் கண் கலங்கியிருந்தது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, ஊறுகாய்க்கு வெங்காயம் உரிக்கும்போதுகூட.

பிறகு அவள் ஆர்லனின் கையிலிருந்த தொப்பியை வாங்கினாள். சுத்தியலையும் எடுத்தாள். "அது வேற, இது வேற" என்றாள். கொட்டகைக்குள் போய், மற்றத் தொப்பிகளிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரே அடியில் ஆணியை இறக்கினாள். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

சுவரில் தொப்பி உள்ளவன் வரிசை அதிகாரியாக இருக்கக் கூடாது. விதி விதிதானே. விசிலை யாருக்குக் கொடுப்பது என்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தச் சுவரில் தொப்பி இல்லாதவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆர்லன்தான் போய் விசிலை வாங்கி, லவோனின் கழுத்தில் மாட்டினார். அவர் கழற்றிக் கொடுத்த சிவப்புச் சட்டை அவளுக்குப் பெரிதாக இருந்தது. கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

இப்போது குளிர்கால வகுப்பு லவோனுடையது. அவள் செய்து காட்டுவாள், ஆர்லன் பக்கத்தில் நின்று, இப்ப அழுத்தறா பாருங்க, இப்ப தடவறா பாருங்க என்று நேர்முக வர்ணனை செய்வார். முன்னால் தன் பெருமை பேசிக் காதைத் தின்றார், இப்போது அவள் பெருமை. எனக்கு எந்த வித்தியாசமும் இல்லை, தலைவலி அதேதான். ரொம்பப் போனால் அவள் தலையைத் தூக்காமல் "போய்க் காபி போடு ஆர்லன்" என்பாள். போவார்.

புதுத் தொப்பி மட்டும் அவர் வாங்கவில்லை. நானே ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அலமாரியில் தூங்குகிறது. இரண்டு கோடை வெயில் பட்டு நெற்றியும் முகமும் ஒரே நிறமாகிவிட்டன. வெளியூரிலிருந்து யாராவது வந்து, தனியாகத் தொங்குகிற அந்தத் தொப்பி யாருடையது என்று கேட்டால், நான் காபிப் பாத்திரத்தை விட்டு நகராமல் நிற்பேன். ஏனென்றால் அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம் அது ஒன்றுதான்.

"என்னோடது" என்பார். "பொண்டாட்டி சொன்னதக் கேக்கல."